மூன்று ஞாயிறு, ஒரு 300 எம்எம் லென்ஸ்: பறவைப் படம் எடுக்க எங்கே போவது?

அக்கா மகன் செகண்ட் ஹேண்டில் ஒரு கேமரா வாங்கிவிட்டான், கூடவே ஒரு 70-300 லென்ஸ். மார்கழி பிறந்த கையோடு போன் வந்தது. "மாமா, எனக்கு மூணு ஞாயித்துக்கிழமைதான் கெடைக்கும். வேடந்தாங்கல் போயிடலாமா?"

சென்னையில் பறவை என்று வாயெடுத்தால் அடுத்த சொல் வேடந்தாங்கல்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இதே மாதிரி ஒரு லென்ஸோடு போய், ஒரே காலையில் 600 படம் எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் எடுத்துக் காட்டும்படி ஒன்றும் தேறவில்லை. பச்சை மரமெல்லாம் வெள்ளைப் பொட்டு. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "பருத்தி நல்லா வெடிச்சிருக்கு" என்றாள்.

அதனால் அவனுக்கு உடனே பதில் சொல்லவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், வேடந்தாங்கல், பழவேற்காடு ஏரி, இந்த மூன்றுக்கும் குளிர்காலத்தில் பல வருடம் போய்வந்ததை வைத்து யோசித்து எழுதியனுப்பினேன். அதைக் கொஞ்சம் விரித்தால் இந்தக் கட்டுரை. எந்த ஊரில் எத்தனை வகைப் பறவை இருக்கிறது என்ற பட்டியலை இங்கே கணக்கில் எடுக்கவில்லை. கையில் 300 எம்எம் மட்டும் இருப்பவருக்குப் பறவை எவ்வளவு பக்கத்தில் வரும், வெயில் எந்தப் பக்கமிருந்து விழும், இந்த இரண்டும்தான் கேள்வி.

முதலில் தூரத்துக் கணக்கு. கிராப் சென்சார் கேமராவில், அதாவது சென்சார் சின்னதாக இருக்கும் சாதாரணக் கேமராவில், 300 எம்எம் லென்ஸைப் போட்டு 15 மீட்டர் தள்ளிப் பார்த்தால், ஃபிரேமின் அகலத்தில் ஏறக்குறைய 1.2 மீட்டர் அடங்கும். 30 மீட்டரில் 2.4 மீட்டர். 100 மீட்டரில் 8 மீட்டர். ஒரு மஞ்சள் மூக்கு நாரை நின்றால் சுமார் ஒரு மீட்டர் உயரம். 100 மீட்டர் தள்ளி நிற்கும் நாரை ஃபிரேமின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். 24 மெகாபிக்சல் கேமராவில் அதை வெட்டி எடுத்தால் ஸ்டேட்டஸ் வைக்கலாம், பிரிண்ட் போட முடியாது. சின்னப் பறவையானால் ஸ்டேட்டஸுக்கும் ஆகாது. என் பருத்திக்காட்டுக்கு இதுதான் காரணம்.

வெயில் கணக்கு இன்னும் சுலபம். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் உதித்து, தெற்கே ஒதுங்கியபடியே போய், தென்மேற்கில் மறையும். டிசம்பர் கடைசியில் சென்னையில் உச்சிவேளையிலும் தொடுவானத்திலிருந்து 54 டிகிரிக்கு மேல் ஏறாது. அதாவது இந்த இரண்டு மாதமும் வடக்கே பார்த்து நின்றால் நாள் முழுக்க வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம். சித்திரையில் இந்த வசதி கிடைக்காது.

இப்போது பள்ளிக்கரணை. துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் 200 அடி சாலை சதுப்பு நிலத்தை ஊடறுத்துக் கிழக்கு மேற்காகப் போகிறது. சாலையோரம் நின்று வடக்கே பார்த்தால் நான் சொன்ன வெளிச்சம் அப்படியே கிடைக்கும். ஆனால் வடக்கேதான் பெருங்குடி குப்பைக்கிடங்கும் இருக்கிறது. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் கைக்குட்டை இல்லாமல் நிற்க முடியாது. லாரி ஒன்று போனால் கேமராவோடு சேர்த்து நாமும் ஆடுவோம். பைக்கை ஓரமாக விட்டுவிட்டு முதுகுக்குப் பின்னால் வண்டி வருகிறதா என்று ஒரு காதை எப்போதும் அங்கேயே வைத்திருக்க வேண்டும். 2007-ல் இதில் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது, 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்தது. அதையெல்லாம் சாலையில் போகிற லாரிக்குச் சொல்லி என்ன பயன்?

இத்தனைக்கும் நான் முதலில் சொல்வது பள்ளிக்கரணையைத்தான். நாள் முழுக்க வண்டிச் சத்தத்திலேயே இருந்து பழகிய பறவைகள் இவை. நாம் வண்டியை நிறுத்தி இறங்கினாலும் பெரும்பாலும் பறப்பதில்லை, தலையைத் தூக்கி ஒரு பார்வை, அவ்வளவுதான். சாலையை ஒட்டிய கோரைப் புதரில் நீலத் தாழைக்கோழி 15 மீட்டருக்குள் வந்துவிடும். போன தை மாதம் ஒன்றை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கோரைத் தண்டை அலகால் பிடுங்கி, பிறகு நாம் கையில் கரும்பைப் பிடிப்பது மாதிரி ஒரு கால் விரல்களால் பற்றித் தூக்கி, மறு காலில் நின்றபடி தோலை உரித்து உள்ளே இருக்கும் வெள்ளைத் தண்டை மட்டும் தின்கிறது. உரித்த தோல் தண்ணீரில் மிதக்கிறது. நெற்றியின் சிவப்புக் கவசம், கழுத்தில் விழும் ஊதா, பின்னால் வெள்ளையாக ஆடும் வால் அடி, எல்லாம் 300 எம்எம்மிலேயே வந்துவிட்டன. பொங்கலுக்கு இரண்டு நாள் கழித்து எடுத்த படம் என்பதால் வீட்டில் அதற்குக் கரும்புக்கோழி என்றே பெயர்.

அன்றில் பறவையும் இங்கே சுலபம். தூரத்தில் கறுப்பாக, சோம்பலாக நிற்கும். சாய்ந்த வெயில் பட்டதும் தோள்பட்டையில் பச்சையும் செம்பும் புரளும். அந்த நிறம் காலை ஏழு மணிக்கு இருக்கும், பத்து மணிக்குப் போய்விடும். சாலைக்கு அடியில் தண்ணீர் ஓடும் சிறுபாலங்களை விட்டுவிடாதீர்கள். அங்கே மீன் சேருவதால் கொக்குகளும், சில நாள் கூழைக்கடாவும் வந்து காத்திருக்கும். நாமும் அவற்றோடு சேர்ந்து காத்திருக்கலாம்.

கம்பி வேலி ஒரு தொல்லைதான், வழி இருக்கிறது. லென்ஸின் வாயை வலைக்கு ஒட்டினாற்போல வைத்து, அபர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, முழுக்கத் திறந்துவிட்டால் கம்பி கரைந்து காணாமல் போகும். ஓரடி தள்ளி நின்றாலே படத்தில் சாம்பல் கோடுகள் விழுந்துவிடும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். சாலை மேட்டில் இருப்பதால் பறவையைக் கொஞ்சம் மேலிருந்து பார்க்கிறோம். அதன் கண் மட்டத்துக்கு நாம் இறங்கிப் படுத்தால் வரும் அழகு இங்கே வராது. பின்னணியில் அடுக்குமாடியும் குப்பை மேடும் வரும். அதை மறைக்க முயன்று சலித்துப்போய், இப்போது வேண்டுமென்றே சேர்த்தே எடுக்கிறேன். பூநாரைக் கூட்டத்துக்குப் பின்னால் ஐடி கம்பெனிக் கண்ணாடிக் கட்டடம் நிற்கும் படத்தைப் பார்த்தால் ஊர் எது என்று கேட்க வேண்டியதில்லை. இந்த லாரியெல்லாம் ஆகாது என்றால் பெரும்பாக்கம் ஏரிக்கரை பக்கத்திலேயே இருக்கிறது. அமைதியாக நடக்கலாம். பறவை மட்டும் இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

வேடந்தாங்கல் சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். செங்கல்பட்டு தாண்டிப் படாளம் கூட்டுரோட்டில் திரும்ப வேண்டும். இந்த ஊர் மீது எனக்கு மரியாதை அதிகம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே நாரைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டில் இருந்த கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு எரு என்பது அவர்களுக்கு அப்போதே தெரியும். ஏரியே 30 ஹெக்டேர்தான், அதற்குள் ஆயிரக்கணக்கில் கூடு.

கூடுகள் இருப்பதோ தண்ணீருக்கு நடுவே நிற்கும் நீர்க்கடம்பிலும் கருவேலத்திலும். நாம் நிற்பது கரையில். இடையில் இருக்கும் தூரத்தை மேலே போட்ட கணக்கில் வைத்துப் பாருங்கள், முடிவு உங்களுக்கே தெரிந்துவிடும். பறவை பார்க்கக் கட்டியிருக்கும் கோபுரத்தின் மேல் ஏறினால் காட்சி விரியும், பறவை பெரிதாகாது. ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சுற்றுலா பஸ்ஸும் வந்து நிற்கும். பிள்ளைகள் பார்க்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கோபுரத்து இரும்புப் படியில் நாற்பது பேர் ஏறி இறங்கும்போது 1/200 நொடி ஷட்டரில் படம் எடுக்க முடியாது என்று மட்டும் சொல்கிறேன்.

அப்படியானால் போகவே வேண்டாமா? போங்கள், மதியத்துக்கு மேல் போங்கள். இரண்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்து, ஆறு மணிக்கு மூடும்வரை இருங்கள். நாலரைக்கு மேல் இரை தேடிப் போனவை திரும்பும். நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், கூழைக்கடா என்று வரிசை வரிசையாக, கரையில் நிற்பவர் தலைக்கு மேலேயே தாழ வரும். கூட்டில் 100 மீட்டர் தள்ளி இருந்த பறவை பறக்கும்போது 40 மீட்டரில் கடக்கிறது. அந்தத் தூரத்தில் 300 எம்எம் ஃபிரேமின் அகலம் 3 மீட்டர் சொச்சம். சிறகு விரித்த கூழைக்கடா அதில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். மஞ்சள் மூக்கு நாரை அலகில் சுள்ளியைக் குறுக்காகப் பிடித்தபடி கூடு கட்ட வருவதும் இந்த நேரத்தில்தான் நன்றாகச் சிக்கும். ஷட்டர் வேகம் 1/1600 நொடிக்குக் கீழே போக வேண்டாம். வானம் வெளுப்பாக இருந்தால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரட்டிப்பாக, ஏற்றுங்கள், ஏற்றாவிட்டால் எல்லாம் கறுத்துப்போய்க் காக்காய்தான்.

ஒரு எச்சரிக்கை: இந்த ஊர் முழுக்க முழுக்க வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பாத வருடம் போனால் காய்ந்த மரத்தைத்தான் எடுத்துக்கொண்டு வர வேண்டும். கிளம்பும் முன் யாரிடமாவது தண்ணீர் நிலவரம் கேளுங்கள். நேரம் இருந்தால் போகிற வழியில் பக்கத்துக் கரிக்கிலிக்கும் தலையைக் காட்டலாம். மரத்தில் கூடு கட்டுபவற்றைவிட வாத்தும் உள்ளானும் அங்கே அதிகம்.

மூன்றாவது பழவேற்காடு ஏரி. இதற்கு இரண்டு வாசல். பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஊருக்கே போவது ஒன்று. ஆந்திரப் பக்கம் சூளூர்பேட்டைக்குப் போய், அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா சாலையில் ஏரிக்கு நடுவே போவது இன்னொன்று. ஊர்ப் பக்கம் போனால் டச்சுக்காரர் கல்லறைகளைப் பார்க்கலாம், நல்ல நண்டு சாப்பிடலாம், ஆனால் பூநாரையைப் பக்கத்தில் பார்க்கப் படகில் ஏறித் தேட வேண்டும். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த தண்ணீர் அது. படத்துக்காகப் படகேறும் யோசனையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

சூளூர்பேட்டைச் சாலை வேறு கதை. இதுவும் கிழக்கு மேற்காக ஓடுகிறது, இருபுறமும் ஏரி. ஆகவே பள்ளிக்கரணைக்குச் சொன்ன அதே விதி: வடக்குப் பக்க ஜன்னலில் உட்காருங்கள். காரிலிருந்து இறங்காமல் இருப்பதுதான் இங்கே முக்கியம். கார் நின்றால் பறவைக்குக் கவலையில்லை, கதவு திறந்து இரண்டு கால் தரையில் பட்டதும் கூட்டம் மொத்தமும் இருபதடி நகர்ந்துவிடும். இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, பழைய தலையணை உறையில் இரண்டு கிலோ அரிசியைக் கட்டி ஜன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். டிரைபாடைவிட இது எவ்வளவோ மேல். அரிசியை வீட்டில் யாரும் தேடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

பூநாரை பக்கத்தில் இருக்குமா என்பது அன்றைய தண்ணீர் மட்டத்தைப் பொறுத்தது. மழை முடிந்த கையோடு ஏரி ததும்பும்போது அவை ஆழம் குறைந்த மூலை தேடி எங்கோ போய்விடும். தை பாதிக்கு மேல் தண்ணீர் வற்ற வற்றச் சாலைப் பக்கமும் சேறு தெரிய ஆரம்பிக்கும். ஒரு வருடம் 60 மீட்டரில் நின்றன, அடுத்த வருடம் தொடுவானத்தில் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் பார்த்தேன். 200 மீட்டர் தள்ளி நின்றாலும் ஃபிரேமில் 16 மீட்டர் அகலம் வருவதால், ஒற்றைப் பறவையை மறந்துவிட்டு முப்பது நாற்பது பறவைகளின் கால்களும் தண்ணீரில் அவற்றின் நிழலுமாக எடுக்கலாம். என் வீட்டுச் சுவரில் தொங்கும் ஒரே படம் அப்படி எடுத்ததுதான். ராக்கெட் தளத்தின் நுழைவாயிலை நெருங்குவதற்கு முன்பே கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

செலவைப் பார்த்தால் மூன்றில் இதுதான் அதிகம். சூளூர்பேட்டை வரை புறநகர் மின்சார ரயில் இருக்கிறது, ஆனால் அதற்கு அப்பால் ஆட்டோ பிடித்தால் மறைவிடமாகக் கார் தரும் வசதி போய்விடுகிறது. நாலு பேர் சேர்ந்து கார் எடுத்தால்தான் கட்டும். விடிகாலை நாலு மணிக்காவது கிளம்ப வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் அந்தத் திறந்த வெளியில் கானல் எழும்பிவிடும். பிறகு எத்தனை லட்ச ரூபாய் லென்ஸ் போட்டாலும் பறவை தண்ணீருக்குள் இருப்பது மாதிரி நெளியும். படம் தெளிவாக இல்லையே என்று லென்ஸைச் சந்தேகிப்பவர்களில் பாதிப் பேரின் பிரச்சினை கானல்தான். பள்ளிக்கரணையில் 15 மீட்டரில் எடுக்கும்போது கானல் பெரிதாகத் தெரியாது. பக்கத்தில் போவதில் இப்படியும் ஒரு லாபம்.

பெரிய லென்ஸை வாடகைக்கு எடுத்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறாதா என்று அக்கா மகன் கேட்டான். மாறும். 150-600 லென்ஸைப் போட்டால் 100 மீட்டரில் ஃபிரேம் அகலம் 4 மீட்டராகச் சுருங்கும், வேடந்தாங்கல் கூடுகள் ஓரளவு எட்டும். இரண்டு கிலோ கனம். கை பழகாதவர் முதல் நாள் பறவையை வியூஃபைண்டருக்குள் கொண்டுவருவதற்குள் அது ஏரியின் மறுகரைக்குப் போயிருக்கும். மூன்றாவது ஞாயிற்றுக்கு வேண்டுமானால் எடு என்றேன். நிக்கான் பி900 போன்ற ஜூம் கேமரா வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் பாதிக்கு மேல் படித்திருக்கவே வேண்டியதில்லை. 2000 எம்எம்முக்குச் சமமான ஜூமோடு வேடந்தாங்கல் கூட்டை உட்கார்ந்த இடத்திலேயே எடுப்பார்கள். பறக்கும் பறவையும் மங்கிய வெளிச்சமும்தான் அதற்கு ஒத்துவராது.

தேதி விஷயத்தில் ஒரு வார்த்தை. நவம்பரில் வரும் தட்டைவாயன் ஆண் வாத்து பெட்டையைப் போலவே பழுப்பாக இருக்கும். பச்சைத் தலையும் வெள்ளை மார்பும் தை மாதத்தில்தான் முழுசாக ஏறும். நீலச்சிறகி ஆணுக்கு இன்னும் தாமதம். நீளவால் இலைக்கோழியோ நேர் எதிர். பெயரை நம்பிக் குளிர்காலத்தில் தேடினால் ஏமாற்றம்தான், இனப்பெருக்கக் காலத்தில்தான் அந்த வால் வளரும். ஆக, வாத்துக்காகப் போகிறவர்கள் பொங்கல் கழித்துப் போங்கள். போகியன்று காலை மட்டும் எங்கும் போகாதீர்கள். பனியும் புகையும் கலந்து, கேமரா எதைப் பார்த்து ஃபோகஸ் செய்வது என்று தெரியாமல் திணறும்.

இன்னொன்று, கேமராவை ஏசி அறையில் வைத்துவிட்டு விடிகாலையில் அப்படியே வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க ஆவி பிடிக்கும். சென்னை மார்கழிக் குளிரிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. பக்கத்துப் பாறையில் மீன்கொத்தி உட்கார்ந்திருக்க, பனியன் நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நான் பதினைந்து நிமிடம் நின்றிருக்கிறேன். பையை முந்தின இரவே வராந்தாவில் வைத்துவிடுங்கள்.

தெற்கே இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரத்தில் கூடு வைக்கின்றன. அங்கே 300 எம்எம்மே அதிகம். சென்னையில் அந்தக் கொடுப்பினை இல்லை.

அக்கா மகனுக்கு நான் போட்டுக் கொடுத்த வரிசை: முதல் இரண்டு ஞாயிறும் பள்ளிக்கரணை. இரண்டு தடவையா என்று முகம் சுளிப்பான் என்று தெரியும். முதல் தடவை எந்தப் பறவை எந்தப் புதரில் எத்தனை மணிக்கு வருகிறது என்று தெரியும், இரண்டாம் தடவைதான் படம் கிடைக்கும். மூன்றாவது ஞாயிற்றுக்குக் காரும் கூட்டாளிகளும் சேர்ந்தால் சூளூர்பேட்டை. சேராவிட்டால் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வேடந்தாங்கல். எங்கே போனாலும், பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கை தட்டுவதோ கல் எறிவதோ கூடாது. சூளூர்பேட்டைச் சாலையில் ஹாரன் அடித்துப் பூநாரைக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஏதாவது செய்தால் என் அரிசிப் பையைத் திருப்பித் தந்துவிட்டுப் போய்விடு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

முதல் ஞாயிறு போய்விட்டு வந்துவிட்டான். 340 படம், அதில் தாழைக்கோழி மட்டும் நூறுக்கு மேல். ஒன்றே ஒன்றை அனுப்பினான். கோழியின் கண்ணில் ஃபோகஸ் சரியாக விழுந்திருக்கிறது, வால் ஃபிரேமுக்கு வெளியே போய்விட்டது. "மாமா, ரொம்பப் பக்கத்துல வந்துடுச்சு" என்று கீழே எழுதியிருந்தான்.